1937 மாதிரி பிரிட்டிஷ் வெப்பிங்: பூட்டுவது, சரிசெய்வது, பராமரிப்பது

இரண்டாம் உலகப் போர் ஏர்சாஃப்ட் நிகழ்வுக்கு (பிளாஸ்டிக் குண்டு சுடும் விளையாட்டுத் துப்பாக்கிகளோடு ஆடும் போர் ஆட்டம்) பிரிட்டிஷ் காலாட்படை வீரராகப் போக நினைப்பவர்கள் முதலில் துப்பாக்கியைத்தான் வாங்குகிறார்கள். நான் வெப்பிங்கை, அதாவது வீரர் உடம்பில் பூட்டிக்கொள்ளும் பெல்ட், பைகள், தோள்வார்கள் அடங்கிய தடித்த நெசவுப் பட்டைத் தொகுப்பை, முதலில் வாங்கச் சொல்வேன். துப்பாக்கியை யாரிடமாவது இரவல் வாங்கிவிடலாம். வெப்பிங் அப்படியில்லை, அது உங்கள் உடம்புக்கு அளவெடுத்துப் பூட்ட வேண்டிய பொருள். சரியாகப் பூட்டினால் நாள் முழுக்கச் சுமந்தாலும் தெரியாது. தப்பாகப் பூட்டினால் ஒரு மணி நேரத்தில் கழுத்து பிடித்துக்கொள்ளும், ஓடும்போது பைகள் தொடையில் இடிக்கும்.

எந்த ஆண்டு, எந்தக் களம்

கடைப்பக்கம் போகும் முன் இதை முடிவு செய்துவிடுங்கள். 1944 நார்மண்டி என்றால் பேட்டில்டிரஸ் எனப்படும் காக்கி கம்பளிச் சீருடை. வட ஆப்பிரிக்கா என்றால் பருத்தி டிரில் சட்டை, அரைக்கால்சட்டை. பர்மா என்றால் பச்சைச் சீருடை, வெப்பிங்கும் பச்சைச் சாயம் ஏற்றியது. ஹெல்மெட்டையும் களத்தைப் பார்த்தே வாங்க வேண்டும். தட்டு போல விளிம்பு அகன்ற மார்க் 2 எல்லாக் களத்துக்கும் பொருந்தும். ஆமை ஓடு போன்ற மார்க் 3 நார்மண்டிக் கரையிறக்கத்தோடுதான் களத்துக்கு வந்தது. அதை மாட்டிக்கொண்டு 1943 துனிசியாவில் நின்றால் விவரம் தெரிந்தவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

அசலா, ரெப்ளிகாவா (இன்று செய்யும் நகலா)

அசல் வெப்பிங்கின் உள்பக்கம் தயாரிப்பாளர் பெயர், ஆண்டு, அம்புக்குறி முத்திரை எல்லாம் இருக்கும். கனடாவில் செய்தது என்றால் அம்பு 'சி' எழுத்துக்குள் இருக்கும். போர்க்கால முத்திரை தெளிவாக உள்ள துண்டுகளை மண்ணில் புரள எடுத்துப் போகாதீர்கள். அவை இனி புதிதாக வரப்போவதில்லை. களத்துக்கு என் தேர்வு, போருக்குப் பின் 1950களில் அதே மாதிரியில் செய்த பைகளும் தோள்வார்களும். பெல்ட் மட்டும் ரெப்ளிகா. அன்றைய வீரர்கள் மெலிந்தவர்கள் என்பதால் 'நார்மல்' அளவு அசல் பெல்ட் இன்று பலருக்கும் எட்டாது.

ரெப்ளிகா வாங்கும்போது பையின் பின்புறக் கொக்கிகளை விரலால் அழுத்திப் பாருங்கள். வளைந்து கொடுத்தால் வேண்டாம். மலிவான தகட்டுக் கொக்கி, மேகசின் (துப்பாக்கியில் செருகும் குண்டுக் கூடு) ஏற்றி நாலு முறை குப்புறப் படுத்து எழுந்தாலே வாய் பிளந்துவிடும்.

பெல்ட்: இங்கேதான் நேரம் செலவிட வேண்டும்

தோள்வார் ஒரு பக்கமாக இழுக்கிறது, பை சரிகிறது என்று என்ன குறை இருந்தாலும் பெரும்பாலும் காரணம் பெல்ட்தான். எனக்கும் பைகளை மாற்றி மாற்றிப் பார்த்து ஒன்றும் சரிவராமல், கடைசியில் பெல்ட்டில் கைவைத்த பிறகுதான் எல்லாம் நேரானது.

பெல்ட்டின் இரு முனையிலும் இரட்டைக் கொக்கி இருக்கிறது. முனையை பித்தளைப் பூட்டுக்குள் நுழைத்து உள்பக்கமாக மடித்து, நெசவிலேயே விட்டிருக்கும் சின்னச் சின்ன அறைகளில் அந்தக் கொக்கியை மாட்ட வேண்டும். ஆக, அளவைக் கூட்டவும் குறைக்கவும் இரண்டு இடம் இருக்கிறது. பழக்க தோஷத்தில் நாம் வலது கைப்பக்கத்தை மட்டும் இழுத்துச் சுருக்கிவிடுவோம். அப்போது முதுகுப்பக்கம் உள்ள இரண்டு சிறு பக்கிள்களும் நடுமுதுகை விட்டு ஒதுங்கிவிடும். தோள்வார்கள் அவற்றிலிருந்துதான் கிளம்புகின்றன. எனவே அதற்குப் பிறகு என்ன செய்தாலும் கோணல்தான்.

சரிபார்க்க எளிய வழி: பெல்ட்டைக் கழற்றி, பின் பக்கிள்கள் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று படியும்படி பாதியாக மடியுங்கள். முன்பக்கப் பித்தளைப் பூட்டின் இரண்டு பாதிகளும் ஒரே இடத்தில் வந்து நிற்க வேண்டும். ஒன்று முந்தினால், இரு பக்கமும் அறைகளை எண்ணிச் சமப்படுத்துங்கள். கொக்கி அறையில் உட்காரும்போது ஒரு சின்ன அழுத்தம் கையில் தெரியும். தெரியாவிட்டால் அது நூலில் மட்டும் தொத்திக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், முதல் ஓட்டத்திலேயே கழன்றுவிடும்.

இதை எல்லாம் டி-சட்டைமேல் செய்யாதீர்கள். நிகழ்வில் போடப்போகும் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு செய்யுங்கள். அந்தத் தடிமனே பெல்ட்டில் கணிசமான இடத்தைப் பிடிக்கும்.

பைகளும் தோள்வார்களும்

இரண்டு பைகளையும் பெல்ட்டில் பூட்டின் இரு பக்கமும் சம தூரத்தில் மாட்டுங்கள். தோள்வார்கள் இரண்டில் ஒன்றில் தைத்த வளையம் இருக்கும். அது முதுகில் வர வேண்டும், மற்ற வார் அதற்குள் நுழைந்து போகும். முதுகில் குறுக்காகப் போட்டு, கீழ்முனைகளைப் பெல்ட்டின் பின் பக்கிள்களில் மாட்டுங்கள். முன்முனைகள் தோளைத் தாண்டி இறங்கி, பையின் மேல் உள்ள பக்கிளில் நுழையும். அகன்ற பகுதி தோளின்மேல் படிய வேண்டும். குறுகிய பகுதி தோளில் ஏறினால் வெட்டும்.

தொங்கும் மிச்ச முனைகளை உள்ளே மடித்துச் செருகாதீர்கள். அவற்றுக்கு வேலை இருக்கிறது. வலது இடுப்பில் முன்னால் ஒரு முனை, பின்னால் ஒரு முனை தொங்கும். தண்ணீர்க் குப்பியின் கூடு அந்த இரண்டுக்கும் நடுவில்தான் மாட்டப்படுகிறது. பயனெட் (துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி) உறை இடது பக்கம், பெல்ட்டில்.

அப்புறம் இறுக்கம். பைகள் காலியாக இருக்கும்போது இறுக்கினால் பயனில்லை. மேகசின்களைப் போட்டு, குப்பியில் தண்ணீர் நிரப்பி, மாட்டிக்கொண்டு குனியுங்கள், மண்டியிடுங்கள், குப்புறப் படுத்து ஊர்ந்து பாருங்கள். எடை தோளில் இறங்க வேண்டும். பெல்ட் இடுப்பைச் சும்மா அணைத்திருந்தால் போதும். யாராவது பின்னால் நின்று வார்களைச் சரிசெய்தால் வேலை சுலபம், தனியாகச் செய்தால் கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டியே பொழுது போய்விடும்.

இந்தப் பைகள் பிரென் இயந்திரத் துப்பாக்கியின் மேகசினை மனதில் வைத்து அளவெடுத்தவை. பைக்கு இரண்டு பிரென் மேகசின் அடங்கும். ஸ்டென் என்ற சிறு இயந்திரத் துப்பாக்கியின் மேகசின் நீளம் அதிகம், அதனால் மூடி சரியாகப் படியாது. பின்னாளில் வந்த மார்க் 3 பை அதற்காகவே நீளமாகச் செய்யப்பட்டது. ஸ்டென் வைத்து ஆடுபவர்கள் அதைத் தேடி வாங்குங்கள். மேகசின்களுக்கு நடுவே ஒரு துணியைச் செருகினால் கடகடவென்ற சத்தமும் நிற்கும்.

கண்

கண் பாதுகாப்பில் காலப் பொருத்தம் எல்லாம் பார்க்கக்கூடாது. 6 மி.மீ. குண்டுதான், ஆனால் பிரிட்டனில் தானியங்கி ஏர்சாஃப்ட் துப்பாக்கிக்கு 1.3 ஜூல் வரையும் மற்றவற்றுக்கு 2.5 ஜூல் வரையும் சட்டம் அனுமதிக்கிறது. கண்ணைப் போக்க அது தாராளமாகப் போதும். போர்க்காலத்துப் பழைய கண்ணாடிகளை அழகுக்காக ஹெல்மெட்மேல் மாட்டிக்கொள்ளுங்கள். முகத்தில் இருக்க வேண்டியது மோதலுக்குச் சோதித்து தரமுத்திரை பெற்ற, நாலு புறமும் மூடிய நவீனக் கண்ணாடி. மார்க் 2 ஹெல்மெட்டின் உள்பட்டை நெற்றியில் தாழ உட்காரும் என்பதால் கண்ணாடியோடு சேர்த்துப் போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

பித்தளையும் பிளாங்கோவும்

பிளாங்கோ என்பது வெப்பிங்குக்கு நிறமேற்றும் கட்டி. ஈரப் பிரஷால் கட்டியைத் தேய்த்து, நெசவு போகும் திசையில் மெல்லிசாகப் பூச வேண்டும். வரிசை முக்கியம்: முதலில் பித்தளை, பிறகு பிளாங்கோ. மாறிச் செய்தால் பாலிஷ் கறை துணியில் ஏறி, பூசிய இடமெல்லாம் கருத்துப்போகும். வார்முனைகளின் பித்தளையைத் தேய்க்கும்போது அடியில் ஒரு துண்டு அட்டையை வெட்டிச் செருகிக்கொள்ளுங்கள். களத்துக்கு மட்டும் போவதாக இருந்தால் பித்தளையை மங்கலாகவே விடுவதுதான் எனக்குப் பிடிக்கும், வெயிலில் மின்னாது. அணிவகுப்பு என்றால் மினுக்கத்தான் வேண்டும்.

பூசியதும் நன்றாகக் காயவிடுங்கள். ஈரம் இருந்தால் சட்டையில் ஒட்டிக்கொள்ளும். பிளாங்கோவுக்குப் பதில் அக்ரிலிக் பெயின்ட் பூசுவது வேண்டவே வேண்டாம். நெசவை அடைத்து, மடிக்கும் இடத்தில் வெடித்துவிடும்.

திரும்பி வந்த அன்றே

எல்லாவற்றையும் பிரித்துவிடுங்கள். பூட்டியபடியே மூட்டை கட்டினால் கொக்கி படும் இடங்களில் ஈரம் தங்கி, பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறும், துணியில் பூஞ்சணம் பிடிக்கும். மண்ணைக் காயவிட்டுப் பிரஷால் தட்டுங்கள். கழுவித்தான் ஆக வேண்டும் என்றால் குளிர்ந்த தண்ணீர், மென்மையான பிரஷ், நிழல். வாஷிங் மெஷின், வெந்நீர், பிளீச்சிங் எதுவும் கிட்டே வரக்கூடாது. ஏறிவிட்ட களிம்பை மூங்கில் குச்சியால் சுரண்டி, பழைய டூத் பிரஷால் தேய்த்தால் போய்விடும்.

கம்பளிச் சீருடையைத் தோய்க்காமல் காற்றாட மாட்டி, பிரஷ் போட்டாலே பெரும்பாலும் போதும். உள்ளே வைக்கும்போது பருத்தி உறையில் அந்துருண்டையோடு வையுங்கள். பிளாஸ்டிக் உறை கூடாது. பூட்சுக்குள் செய்தித்தாளைத் திணித்துக் காயவிட்டு, காய்ந்தபின் டப்பின் (தோலுக்குத் தடவும் மெழுகுக் களிம்பு) தடவுங்கள். அடுப்புப் பக்கம் வைத்தால் தோல் வெடிக்கும்.

பின்சேர்க்கை: கணுக்கால் உறையை எந்தக் காலில் எது என்று பலர் கேட்டார்கள். பக்கிள்கள் வெளிப்பக்கம், வார்முனைகள் பின்னோக்கி. ஆணி அடித்த பூட்ஸ் பற்றியும் கேள்வி வந்தது. மண்ணில் அருமையாகப் பிடிக்கும். சிமென்ட் தரையிலும் இரும்புப் படியிலும் வழுக்கும். கட்டடத்துக்குள் நடக்கும் ஆட்டம் என்றால் அதே தோற்றத்தில் ரப்பர் அடி வைத்ததைப் போடுங்கள். தளத்தின் விதியையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், பல இடங்களில் ஆணி பூட்சை உள்ளே விடமாட்டார்கள்.