மலை வீட்டுக்கு ஆக்சைடு தரை: குளிரிலும் மூடுபனியிலும் போடும் முறை

கோத்தகிரி வீட்டின் கூடத்திலும் அடுப்படியிலும் சிவப்பு ஆக்சைடு தரை (சிமெண்டில் நிறப்பொடி கலந்து பூசுவது) போட்ட பிறகு, "மலைக் குளிருக்கு இது நிற்குமா?" என்று கேட்காத ஆள் இல்லை. நிற்கும். ஆனால் காரைக்குடிப் பக்கம் போடுகிற முறையை அப்படியே மேலே கொண்டுவந்தால் வெள்ளை பூக்கும், தூசி கிளம்பும். அடிக் கான்கிரீட், வாட்டம், ரசமட்டம் எல்லாம் கொத்தனாருக்கே தெரியும் என்பதால் மேல் பூச்சிலிருந்து தொடங்குகிறேன்.

எப்போது? பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரலுக்குள். 10 டிகிரிக்குக் கீழே சிமெண்ட் இறுகுவது மந்தமாகிவிடும். 5 டிகிரிக்குக் கீழே கிட்டத்தட்ட நின்றே போகும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் இந்த வேலை வேண்டவே வேண்டாம்.

சாமான்

சிமெண்ட் ஓபிசி (சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்ட்) 43 அல்லது 53 கிரேடு. கடையில் பிபிசி (நிலக்கரிச் சாம்பல் கலந்த சிமெண்ட்) மூட்டையைத்தான் எடுத்துப் போடுவார்கள், "ரெண்டும் ஒண்ணுதான்" என்பார்கள். சமவெளியில் சரி. குளிரில் பிபிசி வலுவேற ரொம்ப நேரம் எடுக்கும்.

நிறத்துக்கு இரும்பு ஆக்சைடு மட்டும். கறுப்புக்கும் அதுவேதான், விலை குறைவு என்று கரித்தூள் வாங்காதீர்கள். மஞ்சள் வேண்டுமென்றால் வெள்ளை சிமெண்டில் கலக்க வேண்டும், சாம்பல் சிமெண்டில் சேறு மாதிரி வரும். அளவு, சிமெண்ட் எடையில் 5 சதவீதம்: 50 கிலோ மூட்டைக்கு இரண்டரை கிலோ. 10 சதவீதத்தைத் தாண்டினால் நிறம் ஏறாது, பூச்சுதான் பலவீனமாகும். கைப்பிடிக் கணக்கு கூடாது, தராசு வையுங்கள். ஓர் அறைக்கு வேண்டியதை மொத்தமாக உலர்வாகவே கலந்து மூன்று முறை சலித்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு கிலோ எடுத்துக் காற்றுப் புகாமல் கட்டிவைத்தால் சீக்கிரத்தில் வரும் ஒட்டுவேலைக்கு ஆகும்.

பூசுதல்

தரையை 4 அடிக்கு 4 அடியாகப் பட்டை வைத்துப் பிரியுங்கள், விரிசல் கண்டபடி ஓடாது. கண்ணாடிப் பட்டை மலிவு, ஆனால் ஓரம் சிதறும். என் ஓட்டு பித்தளைக்கு. 1:3 சிமெண்ட் மணல் கலவையை முக்கால் அங்குலத்துக்குப் போட்டு, அது முழுக்க இறுகுமுன் நிறக்கலவையைக் குழைத்து மேலே இழுக்க வேண்டும். தண்ணீரை வெதுவெதுப்பாக்கிக்கொள்ளுங்கள். கை பொறுக்கும் சூடு போதும், கொதிநீர் கூடாது.

இனிதான் மலைக்கே உரிய சங்கடம். குளிரில் கலவை இறுக நேரமாகும், அதுவரை தண்ணீர் மேலே கசிந்து மினுமினுவென்று நிற்கும். மணி நாலாகிவிட்டால் கொத்தனார் பொறுக்கமாட்டார். ஈரத்தை இழுக்க உலர்ந்த சிமெண்டைத் தூவி, இரும்புக் கரண்டியால் அழுத்தி மழித்துவிட்டுக் கிளம்பப் பார்ப்பார். அன்றைக்குப் பளபளவென்றுதான் இருக்கும். சில மாதங்களில் அந்த மேல்தோல் அப்பளம் போலப் பெயரும். அதனால் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள்: லேசான தடம் விழ வேண்டும், விரலில் ஈரம் ஒட்டக் கூடாது. அதுவரை கரண்டி தரையைத் தொடவே கூடாது. காலை எட்டு மணிக்கே வேலையை ஆரம்பியுங்கள், ராத்திரிக்கு விளக்கும் ஏற்பாடு செய்யுங்கள், கூலி கொஞ்சம் கூடப் பேசிவிடுங்கள்.

அறையைச் சூடாக்கலாமே என்று கதவைச் சாத்திக் கரியடுப்பு மூட்டுகிறவர்களும் உண்டு. அந்தப் புகையிலுள்ள கார்பன் டை ஆக்சைடு, இறுகாத சிமெண்டின் மேல்பரப்பைச் சுண்ணாம்புத் தூளாக்கிவிடும். அப்புறம் எத்தனை முறை பெருக்கினாலும் தூசி வரும். உள்ளே வேலை செய்கிறவர் உயிருக்கும் ஆபத்து.

தண்ணீர் கட்டுதல்

மறுநாள் வெயில் ஏறியதும் பாத்தி கட்டி ஒரு வாரம் தண்ணீர் நிறுத்துங்கள். பாலிதீன் விரித்தால் மடிப்பு விழுந்த இடமெல்லாம் கறுப்புக் கோடாகத் தங்கிவிடும். புதுச் சாக்கும் கறை விடும்.

மெருகு

ஒரு மாதமாவது காயவிடுங்கள். பிறகு ஒன்றரை அடிச் சதுரப் பாலிதீன் துண்டை நாலு ஓரமும் டேப் ஒட்டித் தரையில் ஓர் இரவு விடுங்கள். காலையில் அடியில் வியர்த்திருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ சீலர் (தரையைக் காக்க மேலே அடிக்கும் பூச்சு) பக்கமே போகாதீர்கள். ஈரத்தின் மேல் அடித்த சீலர் பால் படிந்ததுபோல் வெளுத்துவிடும்.

தேங்காய் எண்ணெய்தான் பாரம்பரியம், ஆனால் மலையில் அது பாட்டிலிலேயே உறைந்து கிடக்கும். தேய்த்தால் பிசுக்காகி மண் ஒட்டும். கூடத்துக்கு மெழுகு, அடுப்படிக்கு பாலியூரித்தேன் சீலர் என்பது என் தேர்வு. சிமெண்ட் தரை காலுக்குச் சில்லென்றுதான் இருக்கும், ஜமுக்காளம் போட்டுக்கொள்ளுங்கள். தெற்கு ஜன்னல் உள்ள அறையானால் குளிர்கால வெயில் தரையில் விழும், மாலை வரை இதம் இருக்கும்.

பிற்சேர்க்கை: ஏற்காட்டிலிருந்து ஒருவர், தரை திட்டுத்திட்டாக இருப்பதாக எழுதியிருந்தார். விசாரித்ததில், சீக்கிரம் இறுக கால்சியம் குளோரைடு கலந்திருக்கிறார்கள். நிறக்கலவையில் அது கூடவே கூடாது.

இன்னொன்று: கணப்படுப்புக்கு முன்னால் சீலர் உரிகிறது என்று கொடைக்கானல் வாசகி கேட்டிருந்தார். அக்ரிலிக் சீலர் சூட்டில் இளகும், மெழுகும் அப்படித்தான். அந்த இரண்டடிக்கு ஆக்சைடை விட்டுவிட்டுக் கருங்கல் பலகை பதியுங்கள். ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள் சீலரைச் சுரண்டி எடுத்துவிட்டு அந்த இடத்தை வெறும் தரையாகவே விடலாம்.