பிள்ளையின் பையில் மாத்திரை அட்டை கிடைத்தால்

பள்ளிப் பையைத் துவைப்பதற்காகக் கவிழ்க்கும்போது கணக்கு நோட்டுக்கு இடையிலிருந்து வலி மாத்திரை அட்டை ஒன்று விழுகிறது. பத்துக் குழிகளில் ஆறு காலி, ஆனால் வீட்டில் யாருக்கும் வலியோ காய்ச்சலோ இல்லை. பிள்ளை போதைக்காக விழுங்கியிருப்பானோ என்ற சந்தேகம் எழும். அந்த அட்டையை ஆத்திரத்தில் கிணற்றிலோ அடுப்பிலோ போட்டுவிடாமல், அதிலுள்ள மருந்தின் பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் மருத்துவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

அடுத்து, பிள்ளை எந்த நிலையில் இருக்கிறான் என்று பாருங்கள். தட்டி எழுப்பியும் எழாமல், மூச்சு மெதுவாகவும் விட்டுவிட்டும் வந்து, உதடு நீலம் பாய்ந்திருந்தால், விசாரணைக்கு அது நேரமல்ல; 108-ஐ அழைத்து, அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, அருகிலேயே இருங்கள். நம் வீடுகளில் உடனே மோரோ எலுமிச்சைச் சாறோ புளித்தண்ணீரோ கரைத்து வாயில் ஊற்றுவார்கள். நினைவில்லாதவன் வாயில் ஊற்றுவது நுரையீரலுக்குள் இறங்கி ஆளையே கொன்றுவிடும். அபின் வகையைச் சேர்ந்த வலி மாத்திரைகள் மூளையில் மூச்சை இயக்கும் பகுதியை மந்தமாக்குபவை. மதுவோ தூக்க மாத்திரையோ கூடச் சேர்ந்தால் அந்த மந்தம் பன்மடங்காகும்.

சிலர் அதே மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறார்கள். விழுங்குவதற்கென்று செய்த மாத்திரையில் உருவம் தருவதற்காகச் சேர்க்கும் மாவும் கற்பொடியும் தண்ணீரில் முழுதாகக் கரைவதில்லை. அவை இரத்தக் குழாயை அடைத்து, கையைச் சீழ்பிடிக்க வைத்து, சிலருக்கு இதய வால்வு வரை கிருமியைக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. ஊசியைப் பகிர்ந்துகொண்டால் எச்.ஐ.வி.யும் கல்லீரலை அரிக்கும் ஹெபடைடிஸ் சி-யும் தொற்றலாம். ஊசித் தழும்பை மறைக்கச் சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்ற மறுப்பது ஓர் அறிகுறி என்பார்கள். ரப்பர் விளையில் கொசுவுக்குப் பயந்து முழுக்கை போடுகிறவர்கள் நிறைந்த ஊரில் அதை மட்டும் வைத்து யாரையும் சந்தேகிக்கக் கூடாது.

பேச்சை மறுநாள் காலையில், தெளிந்த நிலையில், ஒருவரே தொடங்குவது நல்லது. "மக்களே, இது என்னதுன்னு சொல்லு. அடிக்க மாட்டேன்" என்று கேட்டுவிட்டு, சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும். மாமாவையும் சித்தப்பாவையும் கூட்டி வைத்துப் பஞ்சாயத்து நடத்தினால் அவன் அன்றே பொய் பழகிவிடுவான்.

காரணம் சொல்லும்போது, "செத்துப்போவாய்" என்ற மிரட்டல் பதினேழு வயதில் எடுபடாது. கஞ்சா அடித்துவிட்டு வந்தும் மாலையில் கால்பந்தில் கோல் போடுகிற அண்ணன் ஒருவனை அவன் நேரிலேயே பார்த்திருப்பான். கஞ்சா வெறும் பச்சிலைதானே என்பான். வளரும் வயதில் தொடர்ந்து புகைப்பவர்களுக்கு, அதிலும் குடும்பத்தில் மனநோய் இருந்தவர்களுக்கு, காதில் குரல் கேட்பது, எல்லாரும் தன்னையே பார்ப்பதாக நினைப்பது போன்ற மனச்சிதைவு வரும் அபாயம் கூடுகிறது என்பதைச் சொல்லுங்கள். அதைவிட, வளைகுடாவுக்கோ கப்பல் வேலைக்கோ ஆள் போகாத தெரு குறைவான நம் குமரி மாவட்டத்தில், காவல்துறை நற்சான்றிதழைப் பற்றிப் பேசுவது உடனே உறைக்கும் என்பது என் எண்ணம். 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டப்படி, 1 கிலோ வரை கஞ்சா வைத்திருந்தாலே ஓராண்டு வரை கடுங்காவல் கிடைக்கலாம். 20 கிலோவைத் தாண்டினால் குறைந்தது 10 ஆண்டு. எம்.டி.எம்.ஏ. என்ற செயற்கைப் போதைப்பொருள் என்றால் அந்தக் கணக்கு 10 கிராமிலேயே வந்துவிடுகிறது, அது இரண்டு பத்து ரூபாய் நாணயங்களின் எடைகூட இல்லை. "களியக்காவிளை தாண்டி இந்தப் பொட்டலத்தைக் கொடுத்திட்டு வா, ஐந்நூறு ரூபாய் தாறேன்" என்று கேரள எல்லைக்கு அப்பால் அனுப்ப யாராவது சொன்னால், அதற்குள் என்ன இருந்தது என்று தெரியாது எனப் பிறகு நிரூபிக்கும் சுமை அவன் தலையில்தான் விழும்.

பேசி முடித்த அதே வாரத்தில் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். போக மனம் வராவிட்டால், 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணிலோ 14416 என்ற மனநல உதவி எண்ணிலோ கட்டணமின்றி முதலில் பேசலாம். ஊருக்குத் தெரிந்துவிடும், போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயம்தான் பல மாதங்களை வீணாக்குகிறது. போதைக்கு அடிமையானவர் தானாக முன்வந்து அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையில் சிகிச்சையை முழுமையாகப் பெற்றால், பயன்படுத்தியதற்கும் சிறிய அளவு வைத்திருந்ததற்கும் வழக்கு நடவடிக்கையிலிருந்து விலக்குத் தரும் பிரிவு, 64ஏ, அதே சட்டத்தில் இருக்கிறது.

வீட்டில் அறைக்குள் பூட்டி வைத்து நிறுத்திவிடலாம் என்று நினைக்காதீர்கள். வலி மாத்திரையை நிறுத்திய ஒன்றிரண்டு நாளில் மூக்கு ஒழுகி, கொட்டாவி விட்டு, மயிர்க்கூச்செறிந்து, வயிற்றுப்போக்கும் கைகால் குடைச்சலுமாகக் கிடப்பான்; தூக்க மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் வலிப்பே வரலாம். மருத்துவரிடம் இதற்கு மருந்து உண்டு. தனியார் மறுவாழ்வு மையம் என்றால், உரிமம் உள்ளதா என்று பார்த்து, நோயாளிகள் தங்கும் அறையை நேரில் காட்டச் சொல்லுங்கள். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி சங்கிலியால் கட்டுவது குற்றம். 18 வயதுக்குக் குறைந்தவர் தங்கிச் சிகிச்சை பெறும்போது வீட்டார் ஒருவர் உடன் இருக்க வேண்டும். "மூன்று மாதம் பார்க்க வராதீர்கள்" என்று சொல்லும் இடத்திலிருந்து திரும்பிவிடுங்கள்.

மாத்திரை கொடுத்தது யார் என்பதைத் தகராறு செய்யாமல் 10581 என்ற போதைப்பொருள் புகார் எண்ணில் தெரிவியுங்கள். மருத்துவர் சொல்லாமல் சிறுவருக்குப் போதைப்பொருள் கொடுப்பவருக்கு 7 ஆண்டு வரை கடுங்காவல் உண்டு.

சில வாரம் நிறுத்தியவனின் உடல் பழைய அளவைத் தாங்காது என்பதால், மறுபடி ஒருமுறை பழைய அளவை எடுத்தால் மூச்சு நின்றுவிடக்கூடும். இதை அவனுக்கும் அவன் நெருங்கிய கூட்டாளிக்கும் வெளிப்படையாகச் சொல்லி வையுங்கள். மருத்துவமனைச் சீட்டில் எழுதித்தந்த அடுத்த தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு, பையன் நன்றாகத் தெரிந்தாலும் அன்று காலை அவனோடு பஸ் ஏறிவிடுங்கள்.