பழங்காசின் எடையைக் கிராமுக்கு மாற்றும்போது எங்கே தவறுகிறோம்?

கோவையில் காசு சேர்க்கும் தம்பி ஒருவர் தன் நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். ஆங்கிலேயர் காலத்துப் பட்டியல் ஒன்றின் நகலைப் பார்த்து எழுதியது. அதில் ரோமானியப் பேரரசர் டைபீரியஸின் காசு பற்றி ஒரு வரி: "டைபீரியஸ் வெள்ளிக்காசு, 58.5 கிராம்."

"தம்பி, பவுனு எட்டு கிராமுங்க. அப்படிப் பார்த்தா இந்த ஒத்தைக் காசு ஏழு பவுனுக்கு மேல வருதுங்களே?" என்றேன்.

"பட்டியல்ல அப்படித்தானுங்கண்ணா போட்டிருக்குது."

பட்டியலில் தவறில்லை. அதில் இருந்தது கிரெயின் என்ற பழைய ஆங்கில எடையின் 'gr' என்ற சுருக்கம். கிராமுக்கும் கிரெயினுக்கும் ஆங்கிலத்தில் முதல் இரண்டு எழுத்துகள் ஒன்றே என்பதால், சுருக்கத்தைப் பார்த்ததும் கிராம் என்று கை தானாக எழுதிவிடுகிறது. ஒரு கிரெயின் 0.0648 கிராம். 58.5 கிரெயின் என்றால் 3.79 கிராம்; டைபீரியஸ் காசுக்குச் சரியான எடை. பழைய ஜெர்மன் பட்டியல்களிலோ அதே சுருக்கம் கிராமைக் குறிக்கும். அதனால் எந்த நாட்டுப் பட்டியல், எந்தக் காலத்தது என்று பார்க்காமல் ஒரு எண்ணைக்கூட மாற்றக் கூடாது. கிரெயின் என்பதைக் 'குன்றிமணி' என்று மொழிபெயர்த்து வைத்திருப்பதையும் பார்த்திருக்கிறேன். அது அடுத்த குழப்பத்துக்கு வழி.

குன்றிமணிக்கு வருவோம், ஏனென்றால் பெரிய பிழைகள் நடப்பது இங்கேதான். வேலியோரம் பொறுக்கிய குன்றிமணிகளை ஒவ்வொன்றாக நிறுத்துப் பாருங்கள், ஒன்றோடொன்று ஒத்துவராது. ஆகவே 'ஒரு குன்றி இத்தனை கிராம்' என்று யார் சொன்னாலும், அது ஏதோ ஒரு முறையில் கணக்கிட்ட சராசரிதான். வடஇந்தியாவில் இதே விதைக்கு ரத்தி என்று பெயர். 180 கிரெயின் கொண்ட தோலா என்ற எடையை 96 ஆகப் பிரித்தால் ரத்தி 0.1215 கிராம். பழங்காசு ஆய்வாளர் எட்வர்ட் தாமஸ் வைத்த கணக்கு 1.75 கிரெயின், அதாவது 0.1134 கிராம். இன்னொரு ஆய்வாளர் கன்னிங்ஹாம் 1.83 கிரெயின் என்றார். நம் சித்த மருத்துவ அளவைப் பட்டியலில் குன்றி 130 மில்லிகிராம். மருந்து நிறுக்க அது சரி. கல்வெட்டுப் பொன்னுக்கும் காசுக்கும் அதை அப்படியே கொண்டுவந்து போடுவதுதான் தவறு.

என்ன வித்தியாசம் வந்துவிடும் என்று கேட்கலாம். கல்வெட்டுகளில் பொன்னுக்கு வரும் பழைய எடைகளில் இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. ஆக நாற்பது குன்றி ஒரு கழஞ்சு. 130 மில்லிகிராம் வைத்தால் கழஞ்சு 5.2 கிராம். தாமஸ் கணக்கில் 4.54 கிராம்தான். ஒரு கழஞ்சில் இந்த இடைவெளி சின்னது. கோயிலுக்கு நூறு கழஞ்சு பொன் கொடுத்ததாக ஒரு கல்வெட்டு சொன்னால், இரண்டு கணக்குக்கும் நடுவே 66 கிராம், எட்டுப் பவுனுக்கு மேல் இடிக்கும். கல்வெட்டை எழுதியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் பொன்னை 'ஆடவல்லான்' என்னும் கல்லால் நிறுத்ததாகவும், இரத்தினங்களைத் 'தட்சிணமேரு விடங்கன்' என்னும் கல்லால் நிறுத்ததாகவும் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். எந்த எடைக்கல் என்று அவர்கள் சொன்னதை நாம் விட்டுவிட்டுக் கிராமை மட்டும் எழுதினால், அவர்களுடைய கவனத்தை வீணாக்குகிறோம்.

கொங்கில் கிடைத்த ரோமானியக் காசுகளுக்கு வேறொரு பொறி இருக்கிறது. ஒரு ரோமானிய ராத்தல் (பவுண்டு) வெள்ளியில் எத்தனை காசு வெட்டினார்கள் என்பது தெரியும்: அகஸ்டஸ் காலத்து வெள்ளிக்காசு ராத்தலுக்கு 84, பின்வந்த பேரரசர் நீரோ கி.பி. 64இல் அதை 96 ஆக்கினார். ராத்தல் 327.45 கிராம் என்று வைத்து வகுத்தால் 3.90 கிராமும் 3.41 கிராமும் வரும். வெள்ளலூர், பொள்ளாச்சி, பூதிநத்தம், கத்தாங்கண்ணி என்று நம் பக்கம் கிடைத்த வெள்ளிப் புதையல்களில் பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் காசுகள். இவற்றுக்கு நீரோ கணக்கைப் போடக் கூடாது. அகஸ்டஸ் கணக்கைப் போட்டாலும் 3.90 என்பது பட்டறைக்கு வைத்த இலக்குதான். கையில் உள்ள காசு 3.6, 3.7 என்றே நிற்கும். அதற்காக அதைப் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள், புழங்கித் தேய்ந்திருக்கிறது. 327.45 என்பதும் ஆய்வாளர்கள் கணித்த எண்ணே. 323 கிராம் ஒட்டி வைப்பவர்களும் உண்டு. அடிப்படையே இப்படி அசையும்போது, 3.8982 கிராம் என்று நான்கு தசமம் எழுதுவது இல்லாத துல்லியத்தை இருப்பதாகக் காட்டுவது.

கரூர் அமராவதி மணலில் கிடைக்கும் செப்புக்காசுகளின் எடையைக் கூட்டி வகுத்து, 'சேரர் எடை அளவு இதுதான்' என்று கண்டுபிடிக்க முயல வேண்டாம். செம்பு எண்ணிக் கொடுக்கப்பட்டது. பொன்னையும் வெள்ளியையும் போல் நுணுக்கமாக நிறுத்து அடித்ததல்ல. ஆற்றிலே கிடந்தது வேறு. பாசி ஏறினால் எடை கூடும், புளி போட்டுத் துலக்கினால் குறையும். தயவுசெய்து துலக்காதீர்கள். காசில் ஓட்டை இருந்தால், பற்றவைத்த காது இருந்தால், அதையும் எழுதாமல் எடையை மட்டும் குறித்து வைப்பதில் பயனில்லை.

தராசைப் பற்றி ஒரே வார்த்தை. 0.1 கிராம் வரை காட்டும் சமையல் தராசிலும், 0.35 கிராம் எடையுள்ள 'பணம்' என்ற சின்னத் தங்கக்காசு 0.3 என்றோ 0.4 என்றோதான் காட்டும். பெரிய கடை வீதியில் நகைக்கடைத் தராசில் கேட்டு நிறுத்துக் கொள்ளுங்கள், மின்விசிறியை நிறுத்தச் சொல்லி.

அந்தத் தம்பியின் நோட்டில் அந்த வரியை இருவரும் சேர்ந்து மாற்றி எழுதினோம்: "டைபீரியஸ், வெள்ளி. பட்டியலில் 58.5 கிரெயின். என் கணக்கில் 3.79 கிராம். காசை நேரில் நிறுக்கவில்லை."