மூன்று சக்கர ஸ்போர்ட்ஸ் வண்டிக்கு சஸ்பென்ஷன் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாற்காலியில் ஒரு கால் குட்டையாக இருந்தால் ஆடும், முக்காலி ஆடாது. தரை எப்படி இருந்தாலும் மூன்று காலும் தரையைத் தொட்டுக்கொண்டேதான் நிற்கும். போலாரிஸ் ஸ்லிங்ஷாட், கேன்-ஆம் ஸ்பைடர், ரைக்கர் மாதிரி முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்று சக்கரம் வைத்த வண்டிகளுக்கு வெளிச்சந்தை ஷாக், ஸ்பிரிங் எல்லாம் வாங்கி மாட்டுகிறவர்கள் செய்கிற பாதித் தவறு, இந்த ஒரு விஷயத்தை மறந்துவிடுவதால் வருகிறது. காரில் கற்றுக்கொண்டதை அப்படியே இதில் செய்துபார்க்கிறார்கள். இது காரில் ஒரு சக்கரத்தைக் கழற்றிய வண்டி இல்லை, இதன் கணக்கே வேறு.

நான் அதிகம் கைவைத்தது ஸ்லிங்ஷாட்டில்தான் (2014-இல் அறிமுகமாகி 2015 மாடலாக வந்தது), அதனால் பெரும்பாலும் அதை வைத்தே சொல்கிறேன். முன்னால் இரட்டை விஷ்போன் (சக்கரத்தைப் பிடிக்கும் மேல், கீழ் ஆர்ம்கள்), ஒவ்வொரு பக்கமும் ஸ்பிரிங்கோடு சேர்ந்த ஒரு ஷாக், குறுக்கே ஆன்டி-ரோல் பார் (வளைவில் பாடி சாய்வதைக் குறைக்கும் கம்பி), பின்னால் ஒற்றை ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் ஆடும் கை), ஒரே ஷாக், பெல்ட் டிரைவ். ஸ்பைடரும் ஏறக்குறைய இதே அமைப்புதான். ரைக்கரில் மட்டும் பெல்ட்டுக்குப் பதில் ஷாஃப்ட்.

முதலில் வாங்கும்போதே நடக்கிற தவறு. "ஸ்பைடருக்குப் பொருந்தும்" என்று போட்டிருந்தால் போதும் என்று ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். ஸ்பைடரிலேயே ஆர்டி மாடலின் எடையும் எஃப்3 மாடலின் எடையும் ஒன்றில்லை, ஆர்டியில் பின்னால் ஏர் சஸ்பென்ஷன் வேறு இருக்கிறது. விற்பவரிடம் மாடல், ஆண்டு, நீங்கள் என்ன எடை, பின்னால் ஆள் ஏறுவார்களா, பெட்டி நிறைய சாமான் வைத்து ஓட்டுவீர்களா என்று எல்லாவற்றையும் சொல்லி ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுங்கள். நல்ல கடைக்காரர் இதையெல்லாம் அவரே கேட்பார். கேட்காமல் விற்கிறார் என்றால் வேறு கடை பாருங்கள்.

அடுத்தது, பழையதைக் கழற்றுவதற்கு முன் எதையும் அளந்து வைக்காமல் இருப்பது. சமதரையில் வண்டியை நிறுத்தி, டயர் காற்றைச் சரிபார்த்து, ஓட்டுகிறவரை உட்காரவைத்து, ஒவ்வொரு சக்கர மையத்திலிருந்தும் நேர்மேலே பாடியில் ஒரு இடம் வரை டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டால் பிறகு தேட வேண்டாம். பத்து நிமிட வேலைதான். இது இல்லாமல் மாட்டிவிட்டு, முன்னை விட எவ்வளவு இறங்கியது என்று யாராலும் சொல்ல முடியாது.

தூக்கும்போது கவனம் இன்னும் அதிகம் வேண்டும். ஸ்லிங்ஷாட்டிலும் ஸ்பைடரிலும் பார்க்கிங் பிரேக் பின் சக்கரத்தில்தான் பிடிக்கிறது. பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிய நிமிடமே அந்த பிரேக்கால் பயன் இல்லை, முன் சக்கரங்கள் உருளத் தயாராக இருக்கும். இரண்டு முன் சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை வைக்காமல் பின்னால் தூக்கவே தூக்காதீர்கள். முன்பக்கத்தைத் தூக்கும்போது பின்னால் இருப்பது ஒரே ஒரு டயர், அதனால் சேசிஸின் இரண்டு பக்கமும் எவ்வளவு அகலமாக முடியுமோ அவ்வளவு அகலமாக ஸ்டாண்டு வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை நீட்டாதீர்கள். பின் ஷாக்கின் போல்ட்டை உருவும்போது ஸ்விங் ஆர்ம் சக்கரத்தோடு கீழே விழும், அதற்கு அடியிலும் ஒரு முட்டு வேண்டும்.

இப்போது மாட்டுகிற வேலை. இதில் எல்லோரும் செய்கிற தவறு, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே எல்லா போல்ட்டையும் முழு இறுக்கமாக முறுக்கிவிடுவது. ஆர்ம் புஷ்களில் (ஆர்ம் சேசிஸோடு சேரும் இடத்து ரப்பர் உறைகள்) ரப்பர் உள்ளே இருக்கும் இரும்புக் குழாயோடு ஒட்டியிருக்கும் வகை உண்டு. தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டியைக் கீழே இறக்கியதும் அந்த ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும். வண்டி கொஞ்சம் உயரமாக நிற்கும், சஸ்பென்ஷன் விறைப்பாகத் தெரியும், கொஞ்ச நாளில் புஷ் கிழியும். அந்த விறைப்பைப் பார்த்துவிட்டு புது ஷாக்தான் சரியில்லை என்று திட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். போல்ட்டைக் கையால் ஏற்றிவிட்டு, வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகு டார்க் ரெஞ்ச் வைத்து மேனுவலில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். நைலான் லாக் நட் என்றால் பழையதைத் திரும்பப் போடாமல் புதிதாகப் போடுங்கள். இறுக்கிய ஒவ்வொரு நட்டிலும் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிட்டால் பிறகு தளர்ந்ததா என்பது கண்ணுக்கே தெரியும்.

தனி கேஸ் டப்பா உள்ள ஷாக் என்றால் அதன் ஹோஸ் எங்கே போகிறது என்று பாருங்கள். ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை திருப்பி, சஸ்பென்ஷன் முழுக்க அமுங்கும்போதும் முழுக்கத் தொங்கும்போதும் டயர், பிரேக் ஹோஸ், ஆர்ம் எதிலும் உரசாமல் இருக்க வேண்டும். அந்த டப்பாவில் இருப்பது அழுத்தம் ஏற்றிய நைட்ரஜன். வால்வை அமுக்கிப் பார்க்காதீர்கள், பங்க்சர் கடைக் காற்றை ஏற்றாதீர்கள்.

சரி, அட்ஜஸ்ட் செய்கிற பகுதிக்கு வருவோம். இங்கேதான் அதிகக் குழப்பம்.

ஷாக்கில் உள்ள காலரை (ஸ்பிரிங்கைத் தாங்கும் மரை வளையம்) சுற்றினால் ஸ்பிரிங் கெட்டியாகும் என்று நிறைய பேர் நம்புகிறார்கள். ஆகாது. ப்ரீலோடு (காலர் ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் அளவு) ஏற்றினால் வண்டி உயரும், ஸ்பிரிங்கின் பலம் அதேதான். கெட்டியான ஸ்பிரிங் வேண்டும் என்றால் வேறு ஸ்பிரிங்தான் மாற்ற வேண்டும். மென்மையான ஸ்பிரிங்கை வைத்துக்கொண்டு காலரை ஏற்றிக்கொண்டே போனால், கடைசியில் ஷாக் எப்போதும் முழு நீளத்தில் நிற்கும், கீழே தொங்க இடமே இருக்காது, ரோட்டில் ஒரு பள்ளம் வந்தால் சக்கரம் கீழே இறங்காமல் அந்தரத்தில் போகும். எதிர்ப்பக்கமும் ஆபத்துதான். வண்டி தாழ்வாகத் தெரிய வேண்டும் என்று காலரை இறக்கிக்கொண்டே போனால், சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் தன் இருக்கையிலேயே லொடலொடவென்று ஆடும், ஒருநாள் இடம் மாறி உட்காரும். கீழ் மவுண்டைத் திருகி ஷாக்கின் நீளத்தையே மாற்ற முடிகிற வகை வாங்கியிருந்தால் உயரத்தை அங்கே வையுங்கள், ப்ரீலோடைத் தனியாக வையுங்கள்.

இன்னொன்று, ஷாக்கில் 10 மில்லிமீட்டர் என்றால் சக்கரத்தில் 10 மில்லிமீட்டர் இல்லை. முன் ஷாக் ஆர்மின் நடுப்பகுதியில் சாய்வாக உட்காருகிறது, அதனால் சக்கரம் ஷாக்கை விட அதிகம் நகரும். ஷாக் நகர்வுக்கும் சக்கர நகர்வுக்கும் உள்ள விகிதம் 0.6 என்று வைத்துக்கொண்டால், காலரை 10 மில்லிமீட்டர் இறக்கினால் வண்டி ஏறக்குறைய 17 மில்லிமீட்டர் இறங்கும். ஸ்பிரிங் பலத்துக்கு அதே விகிதத்தை இரண்டு தடவை பெருக்க வேண்டும், 500 பவுண்டு ஸ்பிரிங் (ஓர் அங்குலம் அமுக்க 500 பவுண்டு விசை வேண்டியது) சக்கரத்தில் 180 பவுண்டாகத்தான் வேலை செய்யும். "நண்பன் காரில் 300 பவுண்டு போட்டான், நானும் அதையே போடுகிறேன்" என்பது ஏன் வேலைக்கு ஆகாது என்று இப்போது புரியும்.

முக்காலிக்குத் திரும்ப வருகிறேன். ரேஸ் கார்க்காரர்கள் நான்கு சக்கரத்துக்கும் அடியில் தராசு வைத்து, ஒரு மூலையின் காலரைத் திருகி எடையைக் குறுக்காக மாற்றுவார்கள். மூன்று சக்கரத்தில் அது நடக்காது. எந்தச் சக்கரத்தில் எவ்வளவு எடை என்பதை வண்டியின் எடை மையம் மட்டுமே தீர்மானிக்கிறது. இடது காலரை ஏற்றினால் வண்டி வலப்பக்கம் சாய்ந்து நிற்கும், அவ்வளவுதான், தராசில் எண் பெரிதாக மாறாது. ஸ்லிங்ஷாட்டில் ஓட்டுகிறவர் சீட் இடது பக்கம், தனியாக ஓட்டும்போது இடது பக்கம் கொஞ்சம் அமுங்குகிறதே என்று அதைச் சரிக்கட்ட ஓரிரு மரை ஏற்றுவது தப்பில்லை. ஆனால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது என்பதற்குக் காலரில் மருந்து தேடாதீர்கள், அது அலைன்மென்டிலோ (சக்கரங்கள் நிற்கும் திசை, சாய்வு) டயரிலோ இருக்கும்.

ஆன்டி-ரோல் பாரும் அப்படித்தான். காரில் முன்னால் தடித்த பார் போட்டால் முன் டயர்களின் பிடி குறைந்து பின்பக்கத்தின் பிடி கூடும், அதை வைத்து வண்டியின் குணத்தையே மாற்றலாம். இங்கே பின்னால் இருப்பது ஒற்றைச் சக்கரம், வண்டி பக்கவாட்டில் சாயும்போது அதனால் எந்த உதவியும் செய்ய முடியாது. சாய்வின் முழுச் சுமையும், மெல்லிய பார் என்றாலும் தடித்த பார் என்றாலும், முன் இரண்டு சக்கரத்துக்குத்தான். தடித்த பார் போட்டால் பாடி சாய்வது குறையும், ஸ்டீயரிங் உடனே பேசும், ஸ்பைடரில் அந்த வித்தியாசம் முதல் வளைவிலேயே தெரியும். நானே அதை விரும்பிப் பரிந்துரைப்பேன். ஆனால் அதனால் வண்டி கவிழாது என்று நினைத்துவிடாதீர்கள். உள்பக்கச் சக்கரம் எப்போது தூக்கும் என்பது எடை மையத்தின் உயரத்தையும் சக்கர அகலத்தையும் பொறுத்தது. சாய்வு குறைந்துவிட்டதால் உடம்புக்குத் தெரிகிற எச்சரிக்கை மட்டும் குறையும்.

இந்தக் கவிழும் கணக்கைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். வளைவில் வண்டி கவிழ்கிற கோடு, வெளிப்பக்க முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரத்துக்கு இழுத்த கோடு. பின்னால் போகப் போக அது நடுவை நோக்கி ஒடுங்கிக்கொண்டே வருகிறது. எடை மையம் முன் அச்சிலிருந்து வீல்பேஸில் (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம்) மூன்றில் ஒரு பங்கு பின்னால் இருந்தால், அதே அகலமுள்ள காருக்குக் கிடைக்கிற ஆதாரத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் இதற்குக் கிடைக்கும். அழகுக்காக வண்டியை உயர்த்துவது, பின்னால் கனமான பெட்டி, ரேக் என்று ஏற்றுவது இரண்டுமே இந்தக் கணக்கைக் கெடுக்கும். வளைவுக்குள் திடீரென்று ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் எடை பின்னால் போய் அதே வேலையைச் செய்யும்.

முன் ஷாக் இரண்டை மட்டும் மாற்றிவிட்டுப் பின்னால் கம்பெனி ஷாக்கை அப்படியே விடுவது இன்னொரு தவறு. காரில் பள்ளத்தை இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் விட்டு ஓட்டிவிடலாம். இதில் முன் சக்கரங்கள் தப்பினால் பின் சக்கரம் நேராக அதில் இறங்கும். ரோட்டில் மூன்று தடம், நடுத்தடத்தில்தான் மற்ற வண்டிகள் சொட்டிவிட்ட எண்ணெயும் இருக்கும், எஞ்சின் பலம் முழுவதும் இறங்குவதும் அந்த ஒரு டயரில்தான். அங்கே ஸ்பிரிங்கைக் கல்லு மாதிரி வைத்தால் டயர் தரையைத் தொட்டும் தொடாமலும் துள்ளும், டிராக்‌ஷன் கன்ட்ரோல் (சக்கரம் வழுக்கினால் பவரைக் குறைக்கும் அமைப்பு) அடிக்கடி குறுக்கே வரும். ரீபவுண்டை (அமுங்கிய ஷாக் விரியும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் நாப்) அதிகம் மூடினாலும் தொல்லைதான், வரிசையாக மேடுபள்ளம் வரும்போது ஷாக் விரிய நேரம் கிடைக்காமல் ஒவ்வொரு அடிக்கும் இன்னும் கீழே போய், கடைசியில் அடியில் இடிக்கும்.

கிளிக் எண்ணுவதற்கு ஒரே முறை வைத்துக்கொள்ளுங்கள். நாபை மெதுவாக முழுக்க மூடி, அங்கிருந்து திறந்துகொண்டே எண்ணுங்கள், மூடும் இடத்தில் முரட்டுத்தனமாகத் திருகினால் உள்ளே ஊசி கெடும். முன்னால் இடது, வலது இரண்டும் ஒரே எண். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், இரண்டு கிளிக் மாற்றி, அதே ரோட்டில் அதே வேகத்தில் ஓட்டிப்பார்த்து எழுதுங்கள். எல்லா நாபையும் ஒரே மாலையில் திருகினவருக்கு எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது.

உயரம் மாறினால் அலைன்மென்ட் மாறியே தீரும். ஒரு நண்பரின் ஸ்லிங்ஷாட்டை இறக்கிய பிறகு "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஓட்டினார். சில வாரம் கழித்து வந்தபோது டயரின் வெளிப்பக்கம் பார்க்கப் புதிதாகவே இருந்தது. உள்ளங்கையை டயரின் குறுக்கே ஒரு திசையில் தடவினேன், வழவழவென்று போனது. திருப்பித் தடவினால் ரம்பப் பல் மாதிரி கையைப் பிடித்தது. அது டோ (மேலிருந்து பார்த்தால் முன் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) தப்பு என்பதற்கான அடையாளம். எட்டிப் பார்த்தால் உள் ஓரத்தில் பட்டனே இல்லை. இரண்டு முன் டயரும் வீண்.

அலைன்மென்ட் கடையையும் விசாரித்துப் போங்கள். கார் மெஷின் பின்னால் இரண்டு சக்கரத்தை எதிர்பார்க்கும். பின் சக்கரத்தின் தடத்தை அடிப்படையாக வைத்து முன்னால் இரண்டையும் சரிசெய்யத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும், ஓட்டுகிறவர் எடையை சீட்டில் வைத்துச் செய்யச் சொல்லுங்கள். பின் அச்சைத் தளர்த்தியிருந்தால் பெல்ட்டின் இழுவையும் சக்கரத்தின் நேர்மையும் முதலில் சரியாகட்டும், பிறகுதான் முன்பக்கம். எல்லாம் முடிந்து நேராக ஓட்டும்போது ஸ்டீயரிங் கோணலாக நின்றால் அப்படியே விட்டுவிடாதீர்கள். ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் ஸ்டீயரிங் சென்சாரைப் பார்த்துத்தான் நீங்கள் எங்கே திரும்ப நினைக்கிறீர்கள் என்று முடிவு செய்கிறது, கோணலாக இருந்தால் நேர்ரோட்டிலேயே பிரேக் பிடிக்கும், பவரைக் குறைக்கும்.

முதல் ஓட்டத்துக்கு முன் ஒவ்வொரு ஷாக் தண்டிலும் ஒரு சின்ன ஓ-ரிங் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் ஒரு மெல்லிய ஜிப் டை கட்டிவிடுங்கள். அதை ஷாக்கின் உடலை ஒட்டித் தள்ளிவிட்டு, வழக்கமாகப் போகிற ரோட்டில் அரைமணி நேரம் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். பம்ப் ஸ்டாப் (முழுக்க அமுங்கும்போது இடியைத் தாங்கும் ரப்பர்) வரை தள்ளிக்கொண்டு போயிருந்தால் வண்டி இடிக்கிறது, ஸ்பிரிங் போதவில்லை அல்லது அதிகம் இறக்கிவிட்டீர்கள். பாதிகூட வரவில்லை என்றால் தேவைக்கு மேல் கெட்டி. நீங்கள் உட்கார்ந்ததும் மொத்த அசைவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமுங்குவது நல்ல தொடக்கம், ஷாக் கம்பெனி வேறு எண் சொன்னால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்று இரவே ஒரு சுவருக்கு எதிரில் நிறுத்தி ஹெட்லைட்டைப் பாருங்கள், முன்பக்கம் இறங்கினால் வெளிச்சம் கால்மாட்டிலேயே விழும், பின்பக்கம் இறங்கினால் எதிரில் வருகிறவர் கண்ணில் அடிக்கும். 150 கிலோமீட்டர் வாக்கில் டார்க் ரெஞ்சை மறுபடி எடுத்து, பெயின்ட் கோடு விலகியிருக்கிற நட்டு ஏதாவது உண்டா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள், காலர்களின் லாக் நட்டையும் சேர்த்து.