கொல்லையில் தீ வைக்கும் முன்: செட்டிநாட்டு வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முன்னோருக்குப் படைப்பு, கல்யாணம் என்று வெளியூரிலிருந்து வந்து, பூட்டிக் கிடந்த வீட்டைத் திறக்கிறோம். ஒட்டடை அடித்து முடிப்பதற்குள் கொல்லையில் ஒரு குவியல் சேர்ந்துவிடும். கிழிந்த மெத்தை, உடைந்த பிளாஸ்டிக் குடம், பழைய காகிதம், காய்ந்த இலை. வேலைக்கு வந்தவர் "கொளுத்திவிடலாமா?" என்று கேட்பார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

நம் கொல்லைதானே, யார் கேட்பார்கள் என்ற நினைப்புதான் முதல் தவறு. குப்பையைத் திறந்தவெளியில் எரிக்க நாடு முழுவதும் தடை இருக்கிறது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் போட்ட உத்தரவுப்படி, சாதாரணமாக எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் கட்ட வேண்டும். வெறும் இலைதானே என்றும் சொல்ல முடியாது. தோட்டக் கழிவைத் தனியே சேர்த்து வைக்க வேண்டும் என்கின்றன திடக்கழிவு விதிகள். ஒரு மூலையில் குழி வெட்டி இலையை அதில் போட்டால் மக்கி எருவாகிவிடும். இரும்பு, காகிதத்தைப் பழைய சாமான் கடைக்காரர் எடுத்துக்கொள்வார். மீதியைக் காரைக்குடியில் என்றால் மாநகராட்சி வண்டியிலும், கிராமத்தில் என்றால் தூய்மைக் காவலரிடமும் கொடுங்கள்.

இரண்டாவது தவறுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. வீட்டை இடிக்கும்போதோ பழுது பார்க்கும்போதோ நல்ல தேக்குக் கதவும் தூணும் விலைக்குப் போய்விடும். பெயின்ட் அடித்த சட்டம், வார்னிஷ் பூசிய உடைசல், பிளைவுட் துண்டு எல்லாம் விறகோடு விறகாக அடுப்புக்குப் போகும். வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்துக்குக் கடுமையான வரம்பு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முன் அடித்த பூச்சில் ஈயம் இருக்கலாம். எரித்தால் அது அழியாது. புகையிலும் சாம்பலிலும் தங்கும். அந்தச் சாம்பலைத்தான் பாத்திரம் தேய்க்கவும் கீரைப் பாத்திக்கும் எடுக்கிறோம். சின்னப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் கெடுக்கும். ஆகவே பூச்சு உள்ள எந்த மரமும் அடுப்புக்கு ஆகாது.

சரி, விருந்துக்கு விறகு அடுப்பு வைக்கலாமா? தாராளமாக வைக்கலாம், சமையல் நெருப்பு குப்பை எரிப்பதில் சேராது. ஆனால் நேற்று வெட்டிய கருவேல விறகைக் கொண்டுவந்து இறக்காதீர்கள். ஈர விறகின் சூட்டில் ஒரு பங்கு தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். நெருப்பு சரியாகப் பிடிக்காமல் புகைதான் மண்டும். பிளந்து, மழை படாமல் அடுக்கி, பல மாதம் காயவிட்ட விறகுதான் நல்லது. இரண்டு கட்டையைத் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். பற்றவைக்கத் தேங்காய் மட்டையோ பனை ஓலையோ போதும், பாலித்தீன் பையைச் செருகாதீர்கள்.

மார்கழி, தை விடியலில் குளிர்ந்த காற்று தரையோடு படிந்து நிற்பதால் புகை மேலே போகாது. நம் வீடுகளோ முற்றம் திறந்தவை. பக்கத்து வீட்டுப் புகை நேராக உள்ளே இறங்கி, பட்டாலைக் கூடத்தில் படுத்திருக்கும் ஆச்சியின் மூச்சில் போய்ச் சேரும். கொசுவுக்கு என்று வேப்பிலை மூட்டம் போடுவதும் இதே கதைதான். கொசுவலை கட்டினால் போதும்.

அப்புறம், கோடையில் கண்மாய்க் கோரைக்கும் கருவேலப் புதருக்கும் தீ வைக்கிற பழக்கம். காற்று திரும்பினால் வைக்கோல் படப்பு வரை போய்விடும். தீ கைமீறினால் உடனே 101-க்கு அழையுங்கள். விருந்து அடுப்பையும் தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றிவிட்டுத்தான் படுக்கப் போக வேண்டும்.