ஒன்லிஃபேன்ஸா ஃபேன்ஸ்லியானு கேக்குறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை பக்கத்துல இருந்து இந்த கேள்வி இப்ப அடிக்கடி வருது. "அக்கா, ஒன்லிஃபேன்ஸ் நல்லமா, ஃபேன்ஸ்லி நல்லமா, எதுல கொமிஷன் கம்மி?" ரெண்டுமே மாசக் காசு கட்டினவங்களுக்கு மட்டும் படம் வீடியோ காட்டுற சைட்டுங்க, பெரும்பாலும் அடல்ட் கன்டென்ட்டுதான். 2024 செப்டம்பர்லதான் தோட்டத்து நாள் சம்பளமே 1,350 ரூபாவுக்கு வந்திச்சு, அந்த நேரம் டிக்டொக்ல ஒருத்தி டொலர் கணக்க காட்டினா யாருக்கும் மனசு போகத்தான் செய்யும். ஆனா கொமிஷன்ல இருந்து ஆரம்பிச்சீங்கனா கடைசிலதான் முக்கியமான விஷயமெல்லாம் தெரிய வரும், அதுக்குள்ள ஒங்க ஐடி கார்டும் மூஞ்சியும் அவங்க கைக்கு போயிருக்கும்.

மொதல்ல சட்டம், கசப்பா இருந்தாலும் கேளுங்க. 1927ல போட்ட ஆபாச வெளியீடுகள் கட்டளைச் சட்டம்னு ஒண்ணு இன்னும் நம்ம நாட்டுல இருக்கு, அதுபடி ஆபாசமான படம் வீடியோவ யாவாரத்துக்காக எடுக்கிறது, வச்சிருக்கிறது, பரப்புறது எல்லாமே குத்தம். சைட்டு லண்டன் கம்பெனியோடதுனு சொல்றது இங்க இருந்து எடுக்கிற ஆளுக்கு ஒதவாது. 2021ல பெலிஹுல்ஓயா பக்கம் பஹந்துடாவ அருவில எடுத்த வீடியோவுக்காக ஒரு ஜோடிய பொலிஸ் புடிச்சது ஞாபகம் இருக்கும். அதனால இலங்கைல இருந்துகிட்டு முழு அடல்ட் கன்டென்ட் போடலாமானு கேட்டா என் பதில் வேணாம்தான். சவூதி, குவைத்னு வீட்டு வேலைக்கு போயிருக்கவங்க இந்த பக்கம் தலை வச்சே படுக்காதீங்க, அங்க இன்னும் கடுமை. கனடா, லண்டன்னு சட்டம் விடுற நாட்டுல செட்டில் ஆன நம்ம ஆளுங்களுக்கும், இங்க இருந்துகிட்டே ஃபிட்னஸ், சாரி கட்டுறது, மேக்கப்னு சாதாரண கன்டென்ட்டுக்கு மாசக் காசு வாங்க யோசிக்கிறவங்களுக்கும்தான் மிச்சத்த எழுதுறேன்.

இப்ப சைட்ட எப்புடி பாக்குறது? காசு ஒங்க பேங்க் புக்ல விழுற எடத்துல இருந்து பின்னாடி போங்க. பதியுறதுக்கு முன்னாடியே பேஅவுட் பக்கத்த தேடி எடுத்து ஒங்க நாடு லிஸ்ட்ல இருக்கா, எந்த வழியா அனுப்புறான், கொறஞ்சது எவ்வளவு சேரணும், எத்தன நாள் புடிச்சு வைப்பான்னு வாசிங்க. பேபால்ல காசு வாங்குற வசதி நமக்கு வருஷக்கணக்கா இல்லாம இருந்திச்சு, கார்ட் காசு வாங்கித் தர்ற ஸ்ட்ரைப் கம்பெனில கணக்கும் இங்க தெறக்க முடியாது, அதனால "பேபால், ஸ்ட்ரைப் மட்டும்"னு போட்டிருந்தா அந்த சைட்ட அப்புடியே மூடிட்டு வாங்க. "என்ட அக்கவுன்ட்டுக்கு வரட்டும், நான் ஒங்களுக்கு மாத்தி தாறேன்"னு ஒரு அண்ணன் கண்டிப்பா வருவாரு. வேணாம். கணக்கு யார் பேர்ல இருக்கோ காசு அவருக்குத்தான், நீங்க போய் பொலிஸ்ல கேக்கவும் முடியாதுனு அவருக்கு நல்லா தெரியும்.

இன்னொண்ணு, அனுப்புற கம்பெனி பேரு பேங்க் ஸ்டேட்மென்ட்ல விழும். ஒன்லிஃபேன்ஸ நடத்துறது ஃபெனிக்ஸ் இன்டர்நெஷனல்னு ஒரு கம்பெனி, கூகிள்ல போட்டா ஒரு செக்கன்ல தெரிஞ்சிரும். நம்ம டவுன் பிராஞ்ச்ல கவுன்டர்ல இருக்கிறவரு பெரும்பாலும் நம்ம மாமாவுக்கு தெரிஞ்சவராத்தான் இருப்பாரு, அதையும் கணக்குல எடுங்க. வரியும் இருக்கு. 2025 ஏப்ரல்ல இருந்து வெளிநாட்டுக்கு சேவை செஞ்சு பேங்க் வழியா வர்ற டொலருக்கு கூடினது 15 வீதம், வருஷத்துக்கு 18 லட்சம் ரூபா வரைக்கும் விலக்கு.

கொமிஷன் பெரிய கதை இல்ல. ஒன்லிஃபேன்ஸ் 20 வீதம், ஃபேன்ஸ்லியும் 20 வீதம். இதே மாதிரி மாசக் காசு வாங்கித் தர்ற இன்னொரு சைட்டான பேட்ரியொன்ல 2025 ஆகஸ்ட்டுக்கு பொறகு புதுசா தொடங்கினவங்களுக்கு 10 வீதம், கார்ட் செலவு வேற, ஐபோன் அப்புக்குள்ள சேர்ற ஆளுங்க காசுல அப்பிள் 30 வீதம் எடுக்கும். மாசம் 10 டொலர்னு 20 பேரு சேந்தா 200, அதுல 40 அவனுக்கு, 160 ஒங்களுக்கு. டொலர் 300னு போட்டா 48,000 ரூபா, அனுப்புற செலவும் பேங்க் மாத்துற ரேட்டும் கழிச்சா இன்னும் கொறையும். இதுல சிக்கல் வீதம் இல்ல, அந்த 20 பேரு எங்க இருந்து வருவாங்கன்றதுதான். இந்த சைட்டுங்க பெருசா ஆள கூட்டிட்டு வந்து தராது, எக்ஸ்லயும் இன்ஸ்டாலயும் ரெடிட்லயும் நீங்களே வெளம்பரம் போட்டு இழுக்கணும், அப்ப மறைஞ்சிருக்கலாம்ன்ற கதை பாதி அங்கயே முடிஞ்சிருது.

எத விடுவான் எத விடமாட்டான்றத விதி பக்கத்துலயே பாருங்க, அடுத்தவன் சொன்னத நம்பாதீங்க. பேட்ரியொன்ல 18 பிளஸ்னு போட்டு சிலது விடுவான், ஆனா உண்மையான ஆளுங்களோட பாலியல் வீடியோவ விடமாட்டான். ஒன்லிஃபேன்ஸே 2021 ஆகஸ்ட்ல ஒக்டோபர்ல இருந்து அடல்ட் வீடியோ கெடையாதுனு அறிவிச்சு, கூச்சல் வந்ததும் சில நாள்லயே வாபஸ் வாங்கினான், காரணம் கேட்டதுக்கு பேங்குகள கை காட்டினாங்க. வீடியோல இருக்கிற ஒவ்வொருத்தரோட வயசும் அடையாளமும் ஆதாரத்தோட இருக்கணும்னு மாஸ்டர்கார்ட் போட்ட விதியும் அந்த ஒக்டோபர்லயே அமுலுக்கு வந்திச்சு. அதனால எந்த சைட்டா இருந்தாலும் வீடியோல ஒங்களோட சேந்து இருக்கிற ஆளோட ஐடியும் கையெழுத்தும் கேக்கணும், கேக்காத சைட்டுல சேராதீங்க. 18 ஆகாத யாரும் எந்த ஃபிரேம்லயும் இருக்க கூடாது, இதுல பேச்சே இல்ல. பிளேஸ்டோர்ல "ஒன்லிஃபேன்ஸ் அப்"னு ஒண்ண கண்டா எறக்காதீங்க, கூகிளும் அப்பிளும் அந்த மாதிரி அப்ப விடுறதே இல்ல, ஒங்க பாஸ்வேர்ட்ட திருடுறதாவும் இருக்கலாம்.

அடுத்தது சார்ஜ்பேக். காசு கட்டினவன் எல்லாத்தையும் பாத்துட்டு பேங்க்ல போய் "நான் வாங்கல"னு சொன்னா அந்த காசு ஒங்க கணக்குல இருந்துதான் கழியும், அதுவும் மாசக்கணக்கு கழிச்சு. வந்த காசுல ஒரு பங்க எடுக்காம வைங்க.

இப்ப நம்ம மலைநாட்டுக்குனே உள்ள விஷயம். நாட்ட பிளொக் பண்ற வசதி இருக்கானு எல்லாரும் பாக்குறாங்க, ஒன்லிஃபேன்ஸ்ல இருக்கு, இலங்கைய மூடி வைக்கலாம். ஆனா எந்த நாட்டுல இருக்கோம்ன்றத மறைக்கிற விபிஎன் போட்டவனுக்கு அது தெறந்த கதவுதான், டுபாய்ல இருக்கிற பக்கத்து லயத்து பையனுக்கு விபிஎன்னும் வேணாம். மூஞ்சிய மறைச்சா போதும்னு நெனைக்காதீங்க. ஜன்னல்ல தெரியுற தேயிலை சரிவு, தகரத்துல மழை விழுற சத்தம், காலைல ஃபெக்டரி சங்கு, ரயில் கூவுறது, இத வச்சே "இது நம்ம டிவிஷன்தானே"னு கண்டுபுடிக்கிற ஆளுங்க நம்மாளுங்க. சாதாரண மேக்கப் வீடியோ போடுறவங்களுக்கும் இது பொருந்தும், வீடு தெரிஞ்சா வாசல்ல வந்து நிப்பான். வெறும் சொவத்துக்கு முன்னாடி எடுங்க, சத்தத்த எடுத்திருங்க, போன் கெமராவுல லொகேஷன ஓஃப் பண்ணுங்க, தாலி, கைல பச்சை குத்தினது, ஸ்கூல் கலண்டர் எதுவும் விழுதானு பெருசாக்கி பாருங்க.

"மெனேஜர்"னு வொட்ஸ்அப்ல வர்றவன் பாதி காசும் பாஸ்வேர்ட்டும் கேப்பான். பாஸ்வேர்ட் குடுத்தா கணக்கு அவனோடது, அவ்வளவுதான்.

கடைசியா, வெளிய வர்ற வழி. அக்கவுன்ட்ட அழிச்சா ஒடனே போயிருமா, சேந்தவங்களோட காலம் முடியிற வரைக்கும் நிக்குமா, திருடி வேற எங்கயாச்சும் போட்டா எடுக்க சொல்லி டிஎம்சிஏன்ற அமெரிக்க கொப்பிரைட் சட்டப்படி நோட்டீஸ் அவன் அனுப்புவானா நீங்களே அனுப்பணுமானு சேர்ற அன்னைக்கே கேட்டு வைங்க. ஒங்க படத்த காட்டி எவனாச்சும் மிரட்டினா காசு குடுக்காதீங்க, ஒரு தடவ குடுத்தா நிறுத்த மாட்டான், அந்த மெசேஜுகள அழிக்காம ஸ்கிரீன்ஷொட் எடுங்க. ஸ்டொப் என்சிஐஐன்ற சைட்டுல ஒங்க போன்லயே படத்துக்கு ஒரு கோட் மட்டும் செய்வாங்க, படம் எங்கயும் போகாது, அந்த கோட்ட வச்சு ஃபேஸ்புக், இன்ஸ்டா, டிக்டொக் மாதிரி சேந்திருக்கிற கம்பெனிகள் தடுக்கும். பொம்பளைங்களுக்கு 1938ன்ற அரசாங்க நம்பர் இருக்கு, இணையப் பாதுகாப்ப பாக்குற அரசாங்க அமைப்பான இலங்கை சேர்ட்டுக்கு 101, ஆனா நீங்களே இங்க இருந்து எடுத்து வித்த கன்டென்ட்டுனா பொலிஸுக்கு போறதுக்கு முன்னாடி ஒரு லோயர்கிட்ட பேசிட்டு போங்க.