பச்சை மரத்தில் ஸ்டூல் செய்கிறீர்களா? குறுக்குக் கட்டையை மட்டும் காயவையுங்கள்

வேம்போ பூவரசோ, கால் கட்டை இன்னும் சற்று ஈரமாக இருந்தால் பரவாயில்லை. ஆனால் அதன் துளைக்குள் இறங்கும் குறுக்குக் கட்டை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். கழுந்தை (துளைக்குள் நுழையும் அதன் முனையை) இறுக்கமாகச் செதுக்கி, மரச் சுத்தியலால் தட்டி இறக்கினால் போதும். பசையை நம்பி இருக்க வேண்டியதில்லை.

மரம் காயும்போது சுருங்கும். ஈரமான கால் காயக் காய, துளை கழுந்தைக் கவ்விப் பிடிக்கிறது. காய்ந்த கழுந்தோ காலின் ஈரத்தை இழுத்துக் கொஞ்சம் உப்பும். இரண்டும் சேர்ந்து இணைப்பை இறுக்குகின்றன. வெள்ளைப் பசை தன் நீரை மரத்துக்குக் கொடுத்துத்தான் இறுகும். ஏற்கெனவே நீர் குடித்திருக்கும் மரம் அதை எங்கே வாங்கப் போகிறது?

காய்ந்துவிட்டதா என்று அறிய சமையலறைத் தராசு போதும். அதே மரத்தின் நடுப்பகுதியிலிருந்து ஒரு துண்டு வெட்டி (முனை முந்திக் காய்ந்து ஏமாற்றும்), எடையைப் பென்சிலால் அதன் மேலேயே எழுதி, குறுக்குக் கட்டைகளோடு வெயிலில் போடுங்கள். துண்டு சிறியது, சீக்கிரம் காயும். ஆகவே அதன் எடை குறைவது நின்ற பிறகும் கட்டைகளுக்குச் சில நாள் கூடுதலாகக் கொடுங்கள்.

மாற்றிச் செய்தால், அதாவது கழுந்து ஈரமாகவும் கால் காய்ந்தும் இருந்தால், சில மாதங்களில் ஸ்டூல் ஆடத் தொடங்கும். அன்று வெட்டிய மரத்தில் கால் செய்யாதீர்கள். அதிகம் சுருங்கித் துளையோரம் வெடிக்கும். மேசைக்குப் பலகைகளை ஒட்டிச் சேர்க்க இந்த முறை உதவாது. அங்கே இரண்டு பலகைகளும் காய்ந்த பிறகே ஒட்ட வேண்டும்.